கல்கிசை ரயிலுக்குச் சொன்னவை

குளிரில் போர்த்துக்கொண்டிருக்கும் என் ராசாவுக்கு, வெள்ளவத்தையில் வியர்த்துக்கொண்டிருக்கும் அம்மா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசி எடுத்ததிலிருந்து இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன். என்ன சமைத்தாய் என்று கேட்டேன், பருப்பு என்றாய். போன கிழமையும் பருப்புத்தானே என்றேன், அது வேறு பருப்பு என்றாய். நான் சிரித்தேன், நீ சிரிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் சொன்னாய்: “அம்மா, எனக்கு ஏலாமக் கிடக்கு. பயமாக் கிடக்கு.” நித்திரை வருவதில்லை, வகுப்புக்குப் போக மனம் எழும்புவதில்லை, பல்கலைக்கழகத்தில் மனநல ஆலோசகர் ஒருவரிடம் பெயர் கொடுத்திருக்கிறாய், வரிசை நீளமாம், உன் முறை வர மாதங்கள் ஆகுமாம், அதுவரை என்ன செய்வதென்று தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கடைசியில் என்னிடம் மன்னிப்பும் கேட்டாய். அந்த மன்னிப்பை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதைத் திருப்பி அனுப்புகிறேன், நீயே வைத்துக்கொள். மற்றதெல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தது.

அன்று நான் அதிகம் பேசவில்லை. உன் அப்பா பக்கத்தில் நின்று என்னவாம், என்னவாம் என்று என் முழங்கையை இடித்துக்கொண்டிருந்தார். வடிவாகச் சாப்பிடு, அடுத்த ஞாயிறும் எடு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அது போதாது என்று எனக்குத் தெரியும். உதவி வந்து சேரும்வரை ஒரு மனிசர் தன் மனதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இந்த வீட்டில் யாருக்காவது தெரியுமென்றால் அது எனக்குத்தான். இதை அடக்கமாகச் சொல்ல நான் தயாரில்லை. அந்தச் சண்டையில் நான் வென்றவள். வென்ற கதையை உனக்கு இதுவரை சொல்லவில்லை. நீயும் அந்தக் கதைக்குள் இருந்தாய், ஆனால் அப்போது நீ முதலாம் வகுப்புப் பிள்ளை. பின்னேரங்களில் அம்மா உன்னை ரயில் பார்க்கக் கூட்டிப்போனாள் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

இன்னொன்று. இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன், கோபிக்காதே. உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. மேல்மாடிப் பரீதா அக்காதான் கொடுக்கச் சொன்னார். சமாதானம் என்று சொல்லிக் கொஞ்சக் காலம் அப்புறப்படுத்தி வைத்த ஆமியின் காவல் மண்மூட்டைகள் மறுபடியும் எங்கள் பெரிய வீதியான காலி வீதிக்கு வந்துவிட்டன. பொலிஸ் பதிவு, வீட்டுச் சோதனை எல்லாம் பழையபடி. அதற்குப் பயந்துதானே உன்னை அந்தக் குளிருக்குள் அனுப்பி வைத்தோம். எங்கள் ஒழுங்கையில் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஒருவர் எதற்கோ காத்திருக்கிறார். விசா, விடுதலை, ஒரு செய்தி, ஒரு டொக்டர். பாதிப் பேர் நித்திரையில்லாமல் காத்திருக்கிறார்கள், ஆனால் காலையில் படியில் கண்டால் சுகம் என்றுதான் சொல்லுவார்கள். அவர்களும் இதை வாசிக்கட்டும்.

நீ பிறக்க முன்பிருந்தே நான் கொழும்புக் கோட்டையில் ஓர் ஏற்றுமதிக் கம்பனியில் டெலிபோன் ஒப்பரேட்டர் என்பது உனக்குத் தெரியும். காலையில் போய் ஹெட்செட்டைக் காதில் மாட்டினால் பின்னேரம் கழற்றும்வரை மூன்று மொழியும் மாறி மாறி ஓடும். என் குரலைக் கேட்டுவிட்டு ஆள் எப்படி இருப்பாள் என்று பார்க்க வந்தவர்கள் உண்டு. உன் அப்பாவும் அப்படி வந்தவர்தான். புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருந்துகொண்டு, அலுவல் இருக்கிறதோ இல்லையோ எங்கள் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார். முகம் ஒன்றும் மோசமில்லை, ஆனால் குரலுக்குத்தான் கட்டினேன் என்று இப்போதும் சொல்லுவார். அப்படிப்பட்ட குரல் எனக்கு.

ஒரு நாள் எங்கள் கட்டிடத்துக்கு அடுத்த வீதியில் குண்டு வெடித்தது. அன்று கண்டவற்றை இங்கே எழுதப் போவதில்லை. கண்ணாடி முழுவதும் உள்ளே வந்து விழுந்தது, எனக்குக் கையில் ஒரு கீறல் மட்டும். என் காலால் நடந்து வெளியே வந்தேன். உன் அப்பா சனத்துக்குள் தேடிப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்றால் நம்புவாயா? மறுநாள் காலையில் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்ப வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. எவ்வளவு முக்கிப் பார்த்தும் காதுக்குள் குசுகுசுப்பதற்கு மேல் ஒரு சத்தம் எழும்பவில்லை.

தொண்டைக்கு என்று வெள்ளவத்தை முழுவதும் மருந்து சொன்னது. கொத்தமல்லி அவித்த தண்ணீர், இஞ்சியும் தேனும், அதிமதுரம், உப்புத் தடவிய தேசிக்காய். எல்லாவற்றையும் குடித்தேன், என் வயிறுதான் பேசியது. கடைசியில் தொண்டை டொக்டர் கண்ணாடி விட்டுப் பார்த்து, தொண்டையில் ஒரு குறையும் இல்லை, மனம் பயந்துபோனதால் குரல் உள்ளே போய்விட்டது, மனநல டொக்டரைப் பார்க்கவேண்டும் என்றார். வெளியே வந்ததும் உன் அப்பா, சனத்திடம் தொண்டைப் புண் என்றே சொல்லுவோம் என்றார். மனநல ஆஸ்பத்திரி அங்கே இருப்பதால் அங்கொடை என்ற ஊர்ப்பெயரைச் சொல்லும்போதே கொழும்புச் சனம் குரலைத் தாழ்த்தும். அவரில் மட்டும் என்ன பிழை.

டொக்டர்மார் இருந்தார்கள். ஆனால் எனக்குத் தமிழில் ஒருவர் வேண்டும். சிங்களத்தில் வியாபாரம் பேசுவேன், ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்பேன், பயத்தைப் பேச எனக்குத் தமிழ்தான் தெரியும். கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால், தமிழ் பேசும் டொக்டர் அம்மா ஒருவர் சில சனிக்கிழமைகளில் வந்து பார்க்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். கொழும்பில் உள்ள தமிழ்ச் சனத்தில் பாதி அதைக் கேள்விப்பட்டிருந்தது. பெயரை எழுதிக்கொண்டு, முறை வர மாதங்கள் செல்லும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நீ போன ஞாயிறு சொன்ன அதே வசனம்.

அந்த முதல் சில கிழமைகள் நான் செய்ததை நீ செய்யாதே. காத்திருப்பதே ஒரு முழுநேர வேலை என்று நினைத்துவிட்டேன். டொக்டரைக் கண்ட பிறகுதான் எல்லாம், அதுவரைக்கும் தலை இழுத்து என்ன, சீலை மாற்றி என்ன என்று கட்டிலில் கிடந்தேன். யன்னலைத் திறக்கவில்லை. பாணும் வாழைப்பழமும் சாப்பாடு. வாழ்க்கையை நிறுத்தி வைத்துவிட்டு அந்த ஒரு சனிக்கிழமை வந்து அதைத் திரும்பத் தொடக்கிவிடும் என்று நம்பினேன். நீயும் இப்போது அப்படித்தான் கிடக்கிறாய் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை, உன் பருப்பே சொல்லுகிறது.

என்னை எழுப்பியது நீதான். உன் வகுப்பு ரீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு, பிள்ளை வாய் திறப்பதே இல்லை, கேட்டால் தலையாட்டுகிறான், ஏதும் பிரச்சினையோ என்று கேட்டாராம். எனக்கு உடனே விளங்கியது. அந்த நாட்களில் வெளியே போகும்போது பிள்ளைகளுக்கு எல்லாத் தமிழ்த் தாய்மாரும் ஒரே பாடம்தான் நடத்தினோம்: பஸ்ஸில் கதைக்காதே. குண்டு வெடித்த கிழமைகளில் தமிழ்ச் சத்தம் கேட்டால் முழு பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும். அதனால் நீ வாய் எடுக்கும்போதே என் விரல் உதட்டுக்குப் போய்விடும். அம்மா என்ற சொல்லுக்கு மட்டும் உனக்கு அனுமதி, அது சிங்களத்திலும் அம்மாதானே. அதைச் செய்ததற்காக நான் வருந்தவில்லை, இன்றைக்கென்றாலும் செய்வேன். ஆனால் பஸ்ஸில் தொடங்கிய அமைதி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. தாய் குசுகுசுக்கிறாள், பிள்ளை தலையாட்டுகிறது. ஒரு நாள் முழுவதும் உன் வாயிலிருந்து அம்மா என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். என் குரல் போனால் போகட்டும், வேலையும் போகட்டும், என் பிள்ளையை ஊமையாக்கிவிட்டு இந்தக் கட்டிலில் கிடக்கமாட்டேன் என்று எழும்பினேன். ராசா, மனம் சரியான பிறகு எழும்பவில்லை. சரியில்லாமலே எழும்பினேன்.

எழும்பி எங்கே போவது? பஸ்ஸில் ஏறப் பயம். எங்கள் ஒழுங்கையின் அடியில் கடல் இருந்தது, நடந்தே போகலாம். நீ பள்ளிக்கூடத்தால் வந்து தேத்தண்ணி குடித்ததும் உன்னைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். தண்டவாளத்தைத் தாண்டினால் கல், கல்லைத் தாண்டினால் கடல். கொஞ்சம் தள்ளி மண்மூட்டைக்குள் ஓர் ஆமிக்காரன். ஒரு பெரிய கல்லில் உன்னை இருத்திவிட்டு நானும் இருந்தேன். அலை பார்த்தோம், அவ்வளவுதான். இரண்டாவதோ மூன்றாவதோ நாள், நீ ஒரு நண்டைத் துரத்திக்கொண்டு தண்டவாளப் பக்கம் ஓடினாய். அதே நேரம் கோட்டையிலிருந்து கல்கிசை ரயில், வாசலெல்லாம் ஆள் தொங்க, வந்துகொண்டிருந்தது. நான் உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். நீ நின்றுவிட்டாய், என் கையைக் கண்டு நின்றாயோ தெரியாது. ரயில் இரைந்துகொண்டு போனது. அந்த இரைச்சலில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை, ஆனால் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. என் குரல் அதிர்வது எப்படியென்று எனக்குத் தெரியாதா? ரயில் போனபிறகு திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தேன், பழையபடி காற்று. ஆனால் விஷயம் தெரிந்துவிட்டது. குரல் சாகவில்லை, ஒளிந்திருக்கிறது. யாருக்கும் கேட்காது என்று நிச்சயமானால் வெளியே வருகிறது.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க ஏலாது. ஒவ்வொரு பின்னேரமும் ரயில் நேரத்துக்கு நானும் நீயும் கடற்கரையில் ஆஜர். ரயில் வந்தால் நீ இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்ளுவாய், நான் வாயைத் திறப்பேன். முதலில் உன் பெயர், பிறகு அப்பாவின் பெயர். பிறகு கம்பனிப் பெயரைச் சொல்லி மூன்று மொழியிலும் வணக்கம். பிறகு துணிவு வந்து முறைப்பாடுகள் தொடங்கின. அப்பாவின் குறட்டை, இஞ்சித் தண்ணி, கதவைத் தட்டாமல் வந்து தொண்டை எப்படி என்று கேட்கும் பக்கத்து வீட்டு மாமி, எல்லாவற்றையும் கல்கிசை ரயிலுக்குச் சொன்னேன். அது வாங்கிக்கொண்டு தெற்கே போனது. வீட்டுக்குத் திரும்பும்போது பசித்தது. பசித்ததால் சமைத்தேன். சமைத்ததால் நீயும் நானும் மேசையில் இருந்து சாப்பிட்டோம். சாப்பிட்டதால் நித்திரை கொஞ்சம் கிட்ட வந்தது. இப்படித்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வந்தன, பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

ஆனால் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் அதையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். தண்டவாளம் அதிர்ந்தது, எஞ்சின் தெரிந்தது, மூச்சை நன்றாக இழுத்து வைத்தேன். எஞ்சின் என்னைத் தாண்டியதும் தொடங்கினேன். பின்னால் ஒரு பெட்டியும் இல்லை. தனி எஞ்சின், எங்கேயோ பழுது பார்க்கப் போகிறது போல, ஒரு கணத்தில் கடந்து போய்விட்டது. என் வாய் நிற்கவில்லை. “எனக்குப் பயமாக் கிடக்கு. எனக்குச் சரியான பயமாக் கிடக்கு.” அவ்வளவும் தெளிவாக, ஒப்பரேட்டர் குரலில், கரை முழுவதும் கேட்டது. எனக்கு அந்தக் கல்லுக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. நீ காதைப் பொத்தியிருக்கவில்லை, ரயில் இல்லையே. கல்லிலிருந்து இறங்கி வந்து என் சீலையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாய்.

“எனக்கும்,” என்றாய்.

மாதக்கணக்கில் உன் வாயிலிருந்து கேளாத சொல். தாய் பயந்துபோயிருக்கிறாள் என்று தெரிந்தால் பிள்ளையும் உடைந்துவிடும் என்று நினைத்து மறைத்தேனே, நீ உடையவில்லை. உனக்கு ஆறுதலாக இருந்தது. உன் பயத்துக்கு ஒரு கூட்டாளி கிடைத்த சந்தோஷம் உன் முகத்தில் தெரிந்தது. உன்னை அள்ளித் தூக்கிக்கொண்டு அழுதேன், அழுகைக்கும் சத்தம் இருந்தது.

தமிழ்ச் சத்தம் ஆமிக்காரனுக்குக் கேட்காமல் இருக்குமா? துவக்கோடு இறங்கி வந்து, “மொகத மே?” என்றான், என்ன இது என்று. எனக்குக் குரல் மறுபடியும் ஓடி ஒளிந்துவிட்டது. அந்த நேரத்தில் அந்தப் பக்கத்துக் கல்லிலிருந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பி வந்தவர்தான் பரீதா அக்கா. மேல்மாடியில் இருக்கிறார், படியில் கண்டால் சிரிப்பார், அதற்குமேல் பழக்கமில்லை. மல்லி என்று தம்பி முறை வைத்துக் கூப்பிட்டு, பிள்ளை தண்டவாளத்துக்குப் போகப் பார்த்தது, தாய் பயந்து கத்திவிட்டாள் என்று சிங்களத்தில் அவனுக்குச் சமாதானம் சொன்னார். அவனும் பிள்ளையைக் கவனமாகப் பார்க்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். பிறகு அவர் என் பக்கத்தில் இருந்து, கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நீங்க மட்டும்னா நெனச்ச? நானும் இதுக்குத்தான் வார. ஊட்டுல அழுதா அவருக்குக் கேக்கும்.” அவருடைய கணவர் பாரிசவாதத்தில் படுக்கையாகக் கிடந்தார். அவரும் ஒரு ரயில் இரைச்சலுக்குள் அழுதுவிட்டுப் போய்ச் சிரித்த முகத்தோடு கஞ்சி பருக்குகிற ஆள். ஒரே கட்டிடத்தில், ஒரே படியில், இரண்டு பேரும் சுகம் சுகம் என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அன்றிலிருந்து மூன்று பேர் போனோம். ஒருவரிடம் சொன்ன பிறகு காத்திருப்பு அரைவாசி இலேசாகிவிடும், ராசா. ஊருக்கெல்லாம் சொல்லத் தேவையில்லை, ஒருவர் போதும். உன் பக்கத்து அறையில் ஒரு மலேசியப் பெடியன் இருக்கிறான், கோழிக்கறி வாசத்துக்கு வந்து நின்றான் என்று ஒருமுறை சொன்னாயே, அவனைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடு. அழ வேண்டாம், சேர்ந்து சாப்பிடு, மிச்சம் தன்னால் வரும்.

இதையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதுதான் முக்கியம். நடுவில் ஒரு நாள், நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் இலேசு என்ற எண்ணம் எனக்கு வந்தது. அன்று நான் ரயிலுக்கும் காத்திருக்கவில்லை, சனிக்கிழமைக்கும் காத்திருக்கவில்லை. மேல்மாடிக்கு ஏறிப்போய்ப் பரீதா அக்காவின் காதுக்குள் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் என் கையைப் பிடித்து, ஒரு ஓட்டோவை மறித்து, அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே யாரும் என்னை வரிசையில் நிற்கச் சொல்லவில்லை. வரிசை மற்ற நாட்களுக்கு. அப்படி ஒரு எண்ணம் உனக்கு வந்தால், வந்த அந்த நிமிடமே ஒருவரைக் கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குப் போ, இங்கே என்ன நேரம் என்று பார்க்காமல் எனக்கு எடு. இது புத்திமதி இல்லை, கட்டளை.

ஒருவாறு கொட்டாஞ்சேனைச் சனிக்கிழமையும் வந்தது. இடையில் உன் அப்பாவை அடிக்கடி அனுப்பி, எங்கள் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லியிருந்தேன். வழக்குத் தவணைக்கு அலைந்து பழகியவர் அல்லவா, அதில் அவரை வெல்ல ஆளில்லை. யாரோ வராமல் விட்ட இடம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, வழக்கு வென்ற மாதிரி வாசலில் நின்றார். நீயும் கேட்டுக்கொண்டே இரு, வெட்கப்படாதே. போகும்போது எனக்குள் ஒரு திமிர் இருந்தது. நான்தான் பாதிக் குரலை மீட்டுவிட்டேனே, இனி இவர் என்ன செய்யப்போகிறார் என்று. டொக்டர் அம்மா ரயில் கதையைக் கேட்டு நன்றாகச் சிரித்தார், பிறகு கெட்டிக்காரி என்றார். பிறகு, அன்றைக்குக் கோட்டையில் என்ன கண்டீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். அதை நான் ரயிலுக்குச் சொன்னதே இல்லை. ரயில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது, ஆனால் திருப்பி ஒரு கேள்வி கேட்டதில்லை. அந்த அறையில்தான் அதைச் சொன்னேன், ஒரு நாளில் இல்லை, பல சனிக்கிழமைகளில். ஆகவே உன் முறை வரும்போது, இப்போது சுகமாகிவிட்டது, வேண்டாம் என்று சொல்லிவிடாதே. அதுவரை உன்னை நீ பார்த்துக்கொள்வது, அந்தக் கதவுக்குள் உன் காலால் நடந்து போவதற்காகத்தான்.

இனி வெற்றிக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து நீயும் நானும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம், பொழுது படுகிற நேரம். காலிமுகத்திடலுக்குக் கிட்ட செக் பொயின்டில் எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, திரும்ப ஏற்றினார்கள். ஏறிய பிறகு பஸ்ஸுக்குள் ஒரு மூச்சுச் சத்தமும் இல்லை. நீ யன்னலோரம். கடலில் தூரத்தில் கப்பல்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றாக வெளிச்சம் போட்டன. நீ என் சீலையை இழுத்து, உனக்கு அனுமதித்த அந்த ஒரு சொல்லை மட்டும் சொன்னாய். “அம்மா.” மிச்சக் கேள்வி கண்ணில் நின்றது. என் விரல் பழக்கத்தில் பாதி வழி எழும்பிவிட்டது. அதை மடக்கி மடியில் வைத்தேன்.

“அது கப்பல், ராசா,” என்றேன். காற்று இல்லை, குரல். முழு பஸ்ஸுக்கும் கேட்ட குரல். “துறைமுகத்துக்குள்ள இடமில்லையாம். அதுதான் வெளியில காத்துக்கொண்டு நிக்குது.”

நீ யோசித்தாய். “சும்மாவோ நிக்குது?”

“சும்மா ஏன் நிக்குது? உள்ளுக்குச் சமைக்கினம், சாப்பிடுகினம், பாட்டுக் கேக்கினம். பார், லைட்டும் போட்டிருக்கினம்.”

பஸ் திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும் என்று இருந்தேன். பயம் போகவில்லை, ஆனாலும் தலையைக் குனியவில்லை. நீ அடைத்து வைத்த கேள்வியெல்லாம் அப்போது உடைத்துக்கொண்டு வந்தது. கப்பலுக்கு பிரேக் இருக்கா, கப்பலில் பூனை இருக்குமா, நண்டுக்கு ஏன் பக்கவாட்டில் நடை, குண்டு வெடித்தால் காது நோகுமா. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி தாண்டி வெள்ளவத்தை வரும்வரை நீ கேட்டாய், நான் சொன்னேன், எல்லாம் தமிழில், எல்லாம் சத்தமாக. முன் சீட்டில் இருந்த சிங்களப் பெண் ஒருத்தி திரும்பி, உன் கையில் ஒரு டொபி வைத்துவிட்டு, இவன் வளர்ந்து வழக்காடத்தான் போகிறான் என்று சிங்களத்தில் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் கதவைத் திறந்த அப்பாவை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். குரல் போன பிறகு அவர் அதைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை. மனிசன் கதவுப் பிடியை விடாமல் அப்படியே நின்று அழுதார். அடுத்த மாதம் நான் கம்பனிக்குப் போய்த் திரும்பவும் காதில் மாட்டினேன்.

முழுவதும் சுகமாகிவிட்டதா என்று கேட்பாய். இல்லை. இப்போதும் சில காலைகளில் குரல் கொஞ்சம் பிந்தித்தான் வரும். அப்போது கடற்கரைக்கு இறங்கிப்போய்விட்டு வந்து வேலைக்குப் போவேன். அது எனக்குத் தோல்வி இல்லை. அந்தக் கப்பல்களைத்தான் நான் உனக்குத் தருகிறேன். உன் முறை வரும்வரை நீ வெளியில் நிற்கவேண்டியிருக்கிறது, சரி. உள்ளே சமை. யன்னலைத் திற. ஒரு நாளைக்கு ஒரு முறையாவது வெளியே இறங்கி நட, மழையென்றால் குடையோடு நட. நித்திரை வராவிட்டால் கட்டிலோடு மல்லுக்கட்டாதே, எழும்பி இருந்து ஏதாவது கேள். வெளிச்சம் போட்டு வை.

இனி, போன ஞாயிறு நான் சொல்லாமல் விட்டதைச் சொல்லுகிறேன். எனக்குப் பயமாக் கிடக்கு என்ற அந்த ஒரு வசனத்தை வாய்விட்டுச் சொல்ல உன் தாய்க்கு ஒரு ரயில் தேவைப்பட்டது, அதுவும் பெட்டியில்லாமல் வந்து என்னைக் காட்டிக்கொடுத்தது. நீ அதை ஓர் இரைச்சலும் இல்லாத லைனில், என் காதுக்கு நேரே சொன்னாய். எத்தனை வருடம், எத்தனை ஆயிரம் குரல்கள் இந்தக் காதுக்குள்ளால் போயிருக்கின்றன. அதைவிடத் துணிந்த குரலை நான் கேட்டதில்லை. நான் மாதக்கணக்கில் ஏறிச் சேர்ந்த இடத்தில் நீ தொடங்கியிருக்கிறாய், ராசா. பாதி வென்றுவிட்டாய் என்று உனக்குத்தான் தெரியவில்லை.

மண்மூட்டைகள் திரும்பி வந்திருக்கின்றன, நீ தூரத்தில் இருக்கிறாய், இரவில் வாசலில் வாகனம் நின்றால் அப்பாவும் நானும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிறோம். ஆகவே அந்தக் கல்லிலிருந்து இறங்கி வந்து நீ எனக்குச் சொன்ன பதிலை இன்று நான் உனக்குச் சொல்லுகிறேன். எனக்கும். ஒருமுறை நாங்கள் இரண்டு பேரும் பயந்து பயந்தே வென்றோம், இந்த முறையும் அப்படித்தான் வெல்லப்போகிறோம்.

நாளைக்கு ஞாயிறு. அப்பா இப்போதே கதிரையை டெலிபோனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டார். பருப்பில்லாத ஒரு கறி வைத்துவிட்டு எடு.

வெள்ளவத்தையிலிருந்து, குரலோடு இருக்கும் உன் அம்மா.